புதுவருட நாளில் கலைந்த அணி: ஜப்பானிய உதைபந்தாட்டத்தின் 1998

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், கொழும்பில் ஒரு பத்திரிகையின் இரவுப் பணியில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. மத்திய அமெரிக்காவை மிட்ச் சூறாவளி புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே இலண்டனில் கைதாகி இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. எமது நாட்டு யுத்தச் செய்திகளோ முன்பக்கத்தில் அடங்காமல் உட்பக்கங்களுக்கும் வழிந்துகொண்டிருந்தன. அந்த நெருக்கடிக்குள் செய்தி முகவரகம் ஒன்றிலிருந்து நான்கைந்து வரிகளில் ஒரு துணுக்கு வந்தது. ஜப்பானின் யோகோஹாமா நகரத்து உதைபந்தாட்டக் கழகங்கள் இரண்டும் ஒன்றாக இணையப் போகின்றன என்பதே அது. இடமில்லை என்று குப்பைக் கூடையில் போட்டேன். செய்தியாசிரியன் ஒருவன் எறிந்த துணுக்குகளைக் கணக்கெடுத்தால் வாழ்நாள் போதாது. ஆனாலும் இந்த ஒன்றை எறிந்ததற்காகப் பின்னாளில் வருந்தினேன். என் கையில் இருந்தது ஒரு கழகத்தின் மரண அறிவித்தல் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பருவத்தைப் பற்றி எழுதவேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஜப்பானில் உதைபந்தாட்டம் கம்பனிகளின் வீட்டில் வளர்ந்த பிள்ளை. 1965இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய லீக்கில் விளையாடியவை எல்லாம் மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, யன்மார், ஃபுருக்காவா என்று கம்பனிப் பெயர்களைத் தாங்கிய அணிகளே. வீரர்கள் அக்கம்பனிகளின் ஊழியர்கள். அரை நாள் வேலை, மிகுதி நேரம் பயிற்சி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்று, ஏழு கோல்களுடன் அத்தொடரில் அதிக கோல் போட்டவர் என்ற பெயரையும் பெற்ற கமமோட்டோ யன்மார் கம்பனியின் ஆட்டக்காரரே. ஆனால் அதன்பின் இருபது வருடங்களாக ஜப்பான் உலகக் கிண்ண வாசலை எட்டிப் பார்க்கவும் இல்லை, உள்ளூர் ஆட்டங்களுக்குக் கூட்டம் சேரவும் இல்லை.

இந்த நிலையை மாற்றவே 1993இல் 'ஜே லீக்' என்ற தொழில்முறைச் சுற்றுப்போட்டி பிறந்தது. பத்துக் கழகங்கள். அதன் தலைவராக இருந்த சபுரோ கவபுச்சி முன்னர் ஃபுருக்காவா அணியின் வீரர். அவர் விதித்த நிபந்தனைகளில் முதன்மையானது, கழகத்தின் பெயரில் ஊர் இருக்கலாம், கம்பனி இருக்கக்கூடாது என்பது. நிசான் அணி யோகோஹாமா மரினோஸ் ஆயிற்று. மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆயிற்று. சுமித்தோமோ உருக்குக் கம்பனியின் அணி கஷிமா அன்ட்லர்ஸ் என்று ஒரு சிறிய துறைமுக ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது. யொமியூரி பத்திரிகைக் குழுமம் மாத்திரம் இதனை இலேசில் ஏற்கவில்லை. தன் பணத்தில் நடக்கும் அணிக்குத் தன் பெயர் ஏன் கூடாது என்று அக்குழுமத்தின் தலைவர் கவபுச்சியுடன் பகிரங்கமாகவே மோதினார். பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்காக அந்த வாதம் நடந்தது. பணம் தருபவர் கேட்கும் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கவபுச்சி அசையவில்லை.

1993 மே 15ஆம் திகதி டோக்கியோ தேசிய அரங்கில் 59,626 பேர் முன்னிலையில் முதலாவது ஆட்டம். வெர்டி கவசாக்கியை மரினோஸ் 2-1 என வென்றது. சீக்கோ, லினேக்கர், லிட்பார்ஸ்கி என்று உலகப் பெயர்கள் எல்லாம் வந்திறங்கின. 1994இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். பின்னர் புதுமை தேய்ந்தது. 1997இல் அந்தச் சராசரி 10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் யமயிச்சி பங்கு நிறுவனமும் ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கியும் ஒரே மாதத்தில் வீழ்ந்தன. எண்பதுகளில் ஊதிப் பெருத்த பொருளாதாரக் குமிழி வெடித்ததன் காயங்கள் இப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கின. கழகங்களின் பெயரில் ஊர் இருந்தது. ஆனால் வருட முடிவில் நட்டத்தை நிரப்பும் காசோலையில் இருந்தது கம்பனியின் கையொப்பமே. அந்தக் கையொப்பம் நின்றால் என்னாகும் என்ற கேள்வியை அதுவரை எவரும் உரத்துக் கேட்கவில்லை.

1998ஆம் ஆண்டுப் பருவம் அப்படித்தான் ஆரம்பித்தது. பதினெட்டுக் கழகங்கள், இரண்டு கட்டங்கள், கழகமொன்றுக்கு முப்பத்துநான்கு ஆட்டங்கள். சமநிலை என்பதே கிடையாது. தொண்ணூறு நிமிடத்தில் தீராவிட்டால் மேலதிக நேரம், அதிலும் தீராவிட்டால் பெனல்டி உதைகள். வெற்றி எந்த வகையில் வந்தது என்பதைப் பொறுத்துப் புள்ளிகள் மூன்று, இரண்டு, ஒன்று என வேறுபடும். உதைபந்தாட்டம் தெரிந்தவர்களுக்கு இது விசித்திரமான ஏற்பாடு. சமநிலையில் முடியும் ஆட்டம் புதிய பார்வையாளருக்குச் சலிப்பூட்டும் என்று அஞ்சினார்கள் போலும்.

அந்தப் பருவத்தைப் புள்ளிவிபர நூல்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றன. ஜூபிலோ இவாட்டா கழகத்தின் முன்கள வீரர் மசாஷி நக்கயாமா, ஏப்ரல் மாதத்தில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் 'ஹட்ரிக்' அடித்தார். ஐந்து, நான்கு, நான்கு, மூன்று என்று நான்கு ஆட்டங்களில் பதினாறு கோல்கள். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற சாதனை அது. 27 ஆட்டங்களில் 36 கோல்களோடு அவர் பருவத்தை முடித்தார். ஜூன் மாதம் பிரான்சில், உலகக் கிண்ண வரலாற்றில் ஜப்பானின் முதலாவது கோலை ஜமெய்க்காவுக்கு எதிராகப் போட்டவரும் அவரே. முதற்கட்டத்தை இவாட்டாவும் இரண்டாம் கட்டத்தைக் கஷிமாவும் வென்றன. இரண்டும் மோதிய தீர்மான ஆட்டங்கள் இரண்டிலும் கஷிமா வென்று சம்பியனானது. இத்தனையும் உண்மை. ஆனாலும் 1998 என்றதும் ஜப்பானிய இரசிகர்கள் பலரின் மனதில் முதலில் எழுவது, புள்ளி அட்டவணையின் நடுவில் கிடந்த ஒரு கழகத்தின் பெயர்.

யோகோஹாமா ஃபுளூகல்ஸ். 'ஃபுளூகல்' என்றால் ஜேர்மன் மொழியில் சிறகு. அணியின் உரிமையாளர் ஓல் நிப்பொன் விமான சேவை என்பதால் வந்த பெயர். அதனோடு சாட்டோ கோக்யோ என்ற கட்டட நிர்மாணக் கம்பனியும் செலவைப் பகிர்ந்துகொண்டது.

ஆனால் இந்தக் கழகம் விமானக் கம்பனி பெற்ற பிள்ளை அல்ல, தத்தெடுத்த பிள்ளை. அதன் வேர் 1964இல் யோகோஹாமா நகரின் ஒரு வட்டாரத்தில் தொடங்கிய சிறுவர் விளையாட்டுக் கழகம். அயலவர் சேர்ந்து நடத்திய அந்தக் கழகம் மெல்ல மெல்ல வளர்ந்து எண்பதுகளில் விமான சேவையின் கைக்கு மாறியது. மாறியபோது பழையவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்ற மனக்கசப்பு உள்ளே புகைந்தது. 1986 மார்ச்சில், லீக்கின் கடைசி ஆட்டத்துக்குச் சற்று முன் ஆறு வீரர்கள் மைதானத்தில் இறங்க மறுத்துவிட்டனர். அணி எட்டுப் பேருடன் ஆடியது. அந்த ஆறு பேருக்கும் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. ஜப்பானில் இப்படியான பகிரங்க எதிர்ப்பு அபூர்வம். அதனாலேயே அது விரைவில் மறக்கடிக்கப்பட்டது. கழகம் யாருடையது என்ற கேள்வி அன்றே மைதானத்துக்கு வந்துவிட்டது என்பது என் கருத்து. பன்னிரண்டு வருடங்களின் பின் அது வேறு உருவில் திரும்பி வந்தது.

ஃபுளூகல்ஸ் பெரிய கழகம் அல்ல. ஒரே நகரத்தில் நிசானின் மரினோஸ் ஆழ வேரூன்றியிருந்தது. அதனால் ஆரம்ப வருடங்களில் ஃபுளூகல்ஸ் தெற்கே கியூஷு தீவின் ககோஷிமா, குமமோட்டோ, நாகசாக்கி நகரங்களிலும் சில 'சொந்த மைதான' ஆட்டங்களை நடத்தியது. ஆனாலும் வெறுங்கழகமும் அல்ல. 1994 புதுவருட நாளில் சக்கரவர்த்திக் கிண்ணத்தை வென்றது. தொடர்ந்து ஆசியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும் வென்றது. 1995இல் பிரேசிலிலிருந்து சம்பாயோ, சின்ஹோ, எவாயிர் என்ற மூவரை ஒருசேர அழைத்து வந்தது. நட்டக் கணக்கில் அந்தச் சம்பளங்களுக்கும் பங்குண்டு. 1998 ஜூன் 10ஆம் திகதி பரிசில் உலகக் கிண்ணத்தின் ஆரம்ப ஆட்டத்தில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்ட சம்பாயோ, அன்று ஃபுளூகல்ஸ் கழகத்தின் வீரர். அந்த உலகக் கிண்ணத்தின் முதல் கோலே ஃபுளூகல்ஸுடையது என்று அதன் இரசிகர்கள் பெருமை பேசியிருப்பார்கள். அந்தப் பெருமைக்கு ஆயுள் ஐந்து மாதங்கூட இல்லை.

ஒக்டோபர் 23ஆம் திகதி ஜப்பானிய அரசு நீண்டகாலக் கடன் வங்கியைத் தேசியமயமாக்கியது. ஆறு நாள் கழித்து, 29ஆம் திகதி, மரினோஸும் ஃபுளூகல்ஸும் இணையும் என்ற செய்தி வெளியாயிற்று. சாட்டோ கோக்யோ விலகிக்கொண்டது. விமான சேவையோ தனித்துச் சுமக்க முடியாது என்றது. நிசானும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதங்களின் பின் ரெனோவின் கரம்பற்றித்தான் அது கரையேறியது. இரண்டு நோயாளிகள் ஒரு கட்டிலில் படுக்க முடிவு செய்தனர். லீக் நிர்வாகமும் அன்றே சம்மதித்தது. இணைப்பு என்பது பெயருக்கு மாத்திரம். மரினோஸ் எஞ்சும், அதன் பெயரில் 'எஃப்' என்ற ஓர் எழுத்துச் சேரும். ஒரு கழகத்தின் முப்பத்துநான்கு வருடங்களுக்கு மிஞ்சியது அந்த ஓர் எழுத்து.

வீரர்களில் பலர் இதனைக் காலைப் பத்திரிகையில் பார்த்தே அறிந்தார்கள். இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திச் சற்று நேரம் இருந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், நான் வேலை செய்த ஒரு வெளியீடு மூடப்படுவதை நானும் மற்றொரு பத்திரிகையின் மூலைச் செய்தியில்தான் அறிந்தேன். அன்று மாலைப் பணிக்கு வழமைபோலப் போனேன். மேசையில் எனக்கு முன் ஒருவர் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டுப் போனோம். ஃபுளூகல்ஸ் வீரர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே. என்ன, அவர்கள் எங்களைவிடப் பன்மடங்கு நன்றாகச் செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒக்டோபர் 31இல் ஸெரெஸோ ஒசாகாவுடன் ஆட்டம். 7-0 என்று வென்றார்கள். லீக்கில் எஞ்சியிருந்த நான்கு ஆட்டங்களையும் வென்றார்கள். பார்ஸலோனாவின் முன்னாள் வீரர் ரெக்ஸாஷ் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து பருவத்தின் நடுவே விலகியிருந்ததால், கேர்ட் எங்கெல்ஸ் என்ற ஜேர்மானியர் அணியை வழிநடத்தினார். வெளியே இரசிகர்கள் புகையிரத நிலைய வாசல்களில் நின்று கையொப்பம் திரட்டினார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்கள் சேர்ந்தன. மரினோஸ் இரசிகர்களிலும் பலர் இணைப்பை எதிர்த்தனர். வழமையில் பரம வைரிகளான கழகங்களின் ஆதரவாளர்களும் பதாகை பிடித்தனர். பயன் இல்லை. டிசம்பர் 2ஆம் திகதி இணைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதன்பின் மிஞ்சியது சக்கரவர்த்திக் கிண்ணம். 1921 தொடக்கம் நடந்துவரும் போட்டி அது. தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மற்றைய அணிகளுக்கு அதன் பொருள் அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஃபுளூகல்ஸுக்கு அடுத்த பருவம் இல்லை. தோற்கும் நாளே கழகம் முடியும் நாள். வெல்லும் வரை மாத்திரமே அது உயிரோடு இருக்கும். டிசம்பர் 13இல் தொடங்கினார்கள். முதலிரு சுற்றுக்களில் கீழ்நிலை அணிகள் இரண்டைக் கடந்தார்கள். காலிறுதியில் எதிரே நின்றது நக்கயாமாவின் இவாட்டா. 2-1. அரையிறுதியில் எதிரே நின்றது அந்த வருடச் சம்பியனான கஷிமா. 1-0. பருவத்தின் மிகச் சிறந்த இரண்டு அணிகளையும் ஐந்து நாள் இடைவெளிக்குள், இல்லாமற் போகப்போகும் ஓர் அணி வீட்டுக்கு அனுப்பியது.

1999 ஜனவரி முதலாம் திகதி டோக்கியோ தேசிய அரங்கில் இறுதியாட்டம். 50,000 பேர் வந்திருந்தார்கள். எதிரணி ஷிமிஸு எஸ்-பல்ஸ். கதை எழுதுபவன்கூட இப்படி ஓர் எதிரணியைத் தேர்ந்திருக்க மாட்டான். ஜே லீக்கின் ஆரம்பப் பத்துக் கழகங்களுள் பழைய கம்பனி அணி எதனிலிருந்தும் வராமல், ஊரார் கூடி அமைத்த கழகம் அது ஒன்றே. 1997இல் அதனை நடத்திய நிறுவனம் கடனில் வீழ்ந்தபோது ஊர் திரண்டது. உள்ளூர்த் துறைமுகச் சரக்கு நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. பிழைத்துக்கொண்ட கழகமும் பிழைக்க முடியாத கழகமும் மைதானத்தில் எதிரெதிரே நின்றன.

பதின்மூன்றாம் நிமிடத்தில் சவனோபோரி ஷிமிஸுவுக்கு கோல் போட்டார். இடைவேளை நெருங்கும்போது குபோயாமா சமப்படுத்தினார். 73ஆம் நிமிடத்தில் யொஷிடா போட்ட கோல் ஃபுளூகல்ஸின் கடைசிக் கோல். 2-1. அறிவித்தலின் பின் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அணித்தலைவர் யமகுச்சி கிண்ணத்தைத் தூக்கினார். பரிசளிப்பு முடிந்ததும் கழகமும் முடிந்தது. யமகுச்சியும் கோல் காப்பாளர் நரசாக்கியும் நகோயாவுக்குப் போனார்கள். யொஷிடா, மியூரா போன்றோர் மரினோஸுக்குப் போனார்கள். குபோயாமா, தான் கோல் போட்டு வீழ்த்திய ஷிமிஸுவுக்கே போனார்.

1986இல் ஆட மறுத்தவர்கள் தடை வாங்கினார்கள். 1998இல் ஆடி வென்றவர்கள் கிண்ணம் வாங்கினார்கள். இரு சாராருக்கும் கழகம் கிடைக்கவில்லை. இந்தக் கதையைப் 'போராட்டக் குணம்' என்று புகழ்ந்து எழுதுபவர்களைக் காணும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. அந்த வெற்றிகள் எதனையும் மாற்றவில்லை. கழகம் ஆட்டத்தில் தோற்றதனால் மூடப்படவில்லையே, வெற்றியால் திறக்க.

கம்பனி மேசையில் எடுத்த முடிவுக்கு விடை தேடியவர்கள் இரசிகர்களே. கையொப்பம் பயன்படாதபோது அவர்கள் பணம் திரட்டித் தாமே ஒரு கழகத்தை ஆரம்பித்தார்கள். பார்ஸலோனாவின் 'சோசியோ' முறையைப் பின்பற்றிச் சந்தா செலுத்தும் உறுப்பினர்களின் தோளில் நிற்பதாக அதனை அமைத்தார்கள். பெயர் யோகோஹாமா எஃப்.சி. ஜேர்மனியில் விளையாடிப் புகழ்பெற்ற ஒக்குடெரா தலைவரானார். லிட்பார்ஸ்கி பயிற்றுநரானார். ஃபுளூகல்ஸின் இடத்தை ஜே லீக் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. லீக்குக்குக் கீழே இருந்த தேசியப் பிரிவில் 1999இலும் 2000இலும் முதலிடம் பெற்று, 2001இல் இரண்டாம் பிரிவுக்கும் 2007இல் முதற்பிரிவுக்கும் ஏறினார்கள்.

இங்கே நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும். உறுப்பினர்களுக்கும் நிர்வாகத்துக்கும் சில வருடங்களிலேயே பிணக்கு முற்றியது. கழகத்தை நடத்த உறுப்பினர் சந்தா போதவில்லை. 2005 முதல் உணவு வழங்கும் கம்பனி ஒன்று பிரதான பங்காளியாகி நிர்வாகத்தைக் கையிலெடுத்தது. மக்கள் கட்டிய கழகமும் மீண்டும் ஒரு கம்பனியின் மடியிலேயே போய் இருந்தது. ஃபுளூகல்ஸைக் கைவிட்ட சாட்டோ கோக்யோ 2002 மார்ச்சில் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. அது விலகியிருக்காவிட்டாலும் கழகம் இன்னும் மூன்று வருடங்களுக்குமேல் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே. லீக் நிர்வாகமும் பாடம் படிக்காமல் இல்லை. கழகங்களின் வரவுசெலவை மேற்பார்வை செய்யத் தொடங்கியது. 2013ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அனுமதிப்பத்திர முறையையும் கொண்டுவந்தது. தொடர்ந்து நட்டத்தில் ஓடும் கழகம் லீக்கில் தன் இடத்தை இழக்கலாம்.

2007 மார்ச் 10ஆம் திகதி, ஃபுளூகல்ஸ் ஆடிய அதே மிட்சுசாவா மைதானத்தில், யோகோஹாமா எஃப்.சி.யும் எஃப். மரினோஸும் முதற்பிரிவில் முதன்முறையாகச் சந்தித்தன. யோகோஹாமா எஃப்.சி. 1-0 என வென்றது. அந்தப் பருவத்தில் அது கடைசி இடம் பெற்று மீண்டும் கீழே இறங்கியது.

1998 மார்ச்சில் அந்தப் பருவத்தின் முதல் நாளில், மரினோஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஃபுளூகல்ஸ் பதினெட்டு வயது இளைஞன் ஒருவனைக் களமிறக்கியது. பெயர் யசுஹிட்டோ எண்டோ. கழகம் முன்பு போய் விளையாடிய ககோஷிமாவைச் சேர்ந்தவன். பத்து மாதத்தில் அவனது முதற் கழகம் இல்லாமற் போயிற்று. கியோட்டோவுக்குப் போனான், அங்கிருந்து ஒசாகாவுக்குப் போனான். ஜப்பானுக்காக 152 ஆட்டங்கள், ஜே லீக் முதற்பிரிவில் 672 ஆட்டங்கள் ஆடி இரண்டிலும் சாதனை படைத்தான். 2024 ஜனவரியில், தன் நாற்பத்துமூன்றாவது வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். ஃபுளூகல்ஸ் சீருடை அணிந்து ஆடியவர்களில் கடைசியாகக் களத்தில் எஞ்சியிருந்தவர் அவரே. அந்தச் செய்தி முகவரகத்திலிருந்து வந்தபோது, இம்முறை நான் அதனை எறியவில்லை.